செவ்வாயில் யுத்தம் வந்தால் முதலில் எந்தக் குழாயைப் பூட்டுவார்கள்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். மனிதர் செவ்வாய்க் கிரகத்தில் குடியேறி மூன்று தலைமுறை கழிந்த பிறகு நடக்கும் ஒரு நாவல் எழுதுகிறீர்கள். பூமியிலிருந்து வந்த அரசுப் படை ஒரு பக்கம், சுரங்கக் கம்பனி ஒரு பக்கம், முதற் குடியேறிகளின் சபை இன்னொரு பக்கம். மூன்றையும் எதிர்த்து எரிமலைக் குகைகளில் ஒரு கிளர்ச்சிப் படை. உங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர், "குவிமாடத்தில ஒரு வெடி பட்டால் எல்லாரும் முடிஞ்சுது, பிறகு எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத்து ஓடவில்லை. இதற்குள் இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: மூச்சுக் காற்றையே பங்குபோட்டு வாழ்கிற சனம் தங்களுக்குள் சண்டை பிடிக்குமா, பிடித்தால் எதைக் கொண்டு பிடிக்கும்? நான் படைத்துறை ஆள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை அளப்பதும் தண்ணீரைப் பரிசோதிப்பதும்தான் 26 வருடமாக என் வேலை. விஞ்ஞானக் கதைகளை அதைவிட நீண்ட காலமாக வாசிக்கிறேன். 1990இல் யுத்தத்தில் அரசு எங்கள் பகுதிக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது எனக்கு வயது பதின்மூன்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

வெடிபடுகிற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அது கணக்கில் தீர்ந்துவிடும். செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 6 மில்லிபார், எங்கள் கடல்மட்ட அமுக்கத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே துளை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று ஒலியின் வேகத்தில் வெளியே பாயும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு பெரிய துளை, எவ்வளவு பெரிய அறை என்று கேட்க வேண்டும். 50 மீற்றர் ஆரையுள்ள அரைக்கோளக் குவிமாடத்துக்குள் 300 தொன்னுக்கு மேல் காற்று இருக்கும். ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள துளையால் முழுநாளும் போனாலும் ஒன்றரைத் தொன் அளவில்தான் போகும். அதாவது நூற்றுக்கு அரைப் பங்கு. ஏணி வைத்து ஏறி ஒட்டிவிட்டு இறங்கி வந்து சாப்பிடலாம். அதே துளை நாலு பேர் படுக்கிற சிறிய அறையில் விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் அமுக்கம் பாதிக்கும் கீழே போய்விடும். விண்ணுடை முழுதாகக் கிழிந்தவருக்குப் பத்துப் பதினைந்து செக்கன்தான் நினைவு இருக்கும். ஆக, பெரிய இடத்தில் இருப்பவன் பிழைப்பான், சின்ன அறையில் இருப்பவன் சாவான். உங்கள் நாவலில் யார் பெரிய குவிமாடத்தில் இருக்கிறார்கள், யார் ஒழுங்கை அறைகளில் இருக்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சாவு எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது.

கண்ணாடிக் குவிமாடம் என்பதே ஓவியர்களின் விருப்பம் என்பதையும் சொல்லவேண்டும். உள்ளே எங்கள் அமுக்கத்தில் காற்றை வைத்தால் ஒவ்வொரு சதுர மீற்றரையும் பத்துத் தொன் எடை அளவில் வெளியே தள்ளும். கதிர்வீச்சும் உண்டு. மண்ணுக்குக் கீழேதான் பெரும்பாலானோர் வாழ்வார்கள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்து பங்கர் கட்டிய எங்கள் தலைமுறைக்கு அந்த வீட்டின் வாசனை தெரியும். ஈரமண், வேர்வை, அணைத்த விளக்கின் திரி. அதை எழுதுங்கள்.

இனிச் சண்டை. இப்படியான இடங்களில் ஆளைச் சுடுவதை விடத் தண்ணீரை மறிப்பது சுகம். இது ஊகம் இல்லை, எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கடற்கோட்டையை 1658 மார்ச்சில் ஒல்லாந்தர் இரண்டு கிழமையில் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்தார்கள். குடிதண்ணீரை மறித்ததுதான் காரியத்தை முடித்தது. அதே வருடம் யாழ்ப்பாணக் கோட்டை விழ மூன்று மாதத்துக்கு மேல் பிடித்தது. 342 வருடம் கழித்து, 2000 ஏப்ரலில், ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தபோதும் அதற்கு நன்னீர் போய்க்கொண்டிருந்த இயக்கச்சி கைமாறியது முக்கிய காரணங்களில் ஒன்று. ஆயுதம் மாறியது, கொடி மாறியது, தாகம் மாறவில்லை. செவ்வாயில் பனிக்கட்டி உருக்கும் இடம்தான் இயக்கச்சி. அங்கே தண்ணீர் என்பது குடிக்க மட்டும் இல்லை. அதைப் பிரித்துத்தான் ஒட்சிசன், அதிலிருந்துதான் ரொக்கற்றுக்கு எரிபொருள். உங்கள் நாவலின் வரைபடத்தில் படைமுகாம்களை அழகாகக் குறித்திருக்கிறீர்கள், பனி எங்கே கிடைக்கிறது என்று குறிக்கவில்லை. நடு அகலக்கோடுகளில் மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே பனி இருக்கிறது. 2008இல் வடக்கில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் சுரண்டிப் பார்த்தே கண்டது. யுத்தத்தின் எல்லைக்கோடு அந்தப் பனியின் விளிம்பில்தான் ஓடும்.

மூன்று அணிகளும் ஏன் பிரிந்தன என்பதற்கு நீங்கள் "கொள்கை வேறுபாடு" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் உறுப்புரைப்படி எந்த நாடும் வேற்றுக் கோளின் நிலத்தைத் தனது இறைமைக்கு உட்படுத்த முடியாது. எட்டாம் உறுப்புரைப்படி ஒரு நாடு பதிவுசெய்து அனுப்பிய பொருளும் அதிலுள்ள ஆட்களும் அந்த நாட்டின் நியாயாதிக்கத்துக்குள்தான். 2015இல் அமெரிக்கா, தன் பிரஜைகள் விண்வெளியில் தோண்டி எடுத்த வளம் அவர்களுக்கே சொந்தம் என்று உள்நாட்டுச் சட்டம் போட்டது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் ஒருவருக்கும் இல்லை, ஆனால் வீடு ஒரு நாட்டினுடையது, அதற்குள் வருகிற தண்ணீர் கம்பனியினுடையது. குடியிருக்கிற சனத்துக்கு எதுவும் இல்லை. உங்கள் மூன்று அணியும் அங்கேயே பிறந்துவிட்டன.

நான் பழகிய உலகத்தில் இதற்குப் பெயர் பங்குக் கிணறு. எங்கள் காணி உறுதிகளில் பரப்புக் கணக்கு முடிந்த பிறகு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். ஒரு கிணற்றுக்கு ஆறு பங்காளர், முறைவைத்து இறைப்பு. பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த ஆறு இருபத்திநாலாகும். ஒருமுறை உப்பு அளக்கப் போன இடத்தில் அண்ணனும் தம்பியும் பதினொரு வருடமாகப் பேச்சில்லை. ஒருவர் பெரிய மோட்டர் போட்டு இரவிலும் இறைத்தார், மற்றவர் தன் முறை வரும்போது கிணற்றில் தண்ணீர் இல்லை என்றார். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் உப்பு கீழிருந்து நாற்பது அடி ஏறிவரும். அண்ணன் இறைத்த உப்பு தம்பியின் மிளகாய்க் கன்றை மட்டும் இல்லை, அண்ணனின் வெங்காயத்தையும் எரித்தது. நான் போனபோது இரண்டு தோட்டமும் ஒரே நிறம். தாங்கள் சண்டை பிடிக்கிற பொருளையே சண்டையால் அழிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் மோட்டரை நிறுத்தவில்லை, ஏனென்றால் முதலில் நிறுத்துகிறவன் தோற்றவன். உங்கள் வாசிப்பு வட்டத்து நண்பருக்கு என் பதில் அந்தத் தோட்டம்தான்.

அளவு தெரியாமல் பட்டினியை எழுத முடியாது, ஆகவே சில எண்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒட்சிசன் 840 கிராம் அளவில் வேண்டும். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. அதிலிருந்து ஒட்சிசன் எடுக்க முடியும் என்பதை பெர்செவரன்ஸ் ஊர்தியில் இருந்த மொக்சி என்ற சிறு கருவி 2021 முதல் 2023 வரை செய்துகாட்டியது. முழுக் காலத்திலும் எடுத்தது 122 கிராம். ஒரு மனிதனுக்கு மூன்றரை மணித்தியாலத்துக்குக் காணும். இதைப் பெரிதாக்கலாம், அதில் பௌதிகத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் பெரிதாக்கிய பிறகு யாரோ ஒருவர் பெயர்ப்பட்டியல் வைத்துத்தான் பகிர்வார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே செய்த முதற்காரியங்களில் ஒன்று தோம்பு எழுதியது: யாருக்கு எவ்வளவு காணி, எத்தனை பனை, எவ்வளவு வரி. துப்பாக்கி இருந்தது கோட்டைக்குள், தோம்பு போனது ஒவ்வொரு வளவுக்குள்ளும். உங்கள் கம்பனியின் உண்மையான படை அந்த ஒட்சிசன் தோம்பை எழுதுகிற எழுதுவினைஞர்கள்தான். சங்கக்கடை வரிசையில் கூப்பன் அட்டையோடு நின்ற எவரும் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது காலம். பூமியிலிருந்து செவ்வாய்க்கு வசதியான பயண வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பயணம் ஏழு முதல் ஒன்பது மாதம். செய்தி போக, கிரகங்களின் இடத்தைப் பொறுத்து 3 நிமிடம் முதல் 22 நிமிடம், அதுவும் ஒருவழிக்கு. உங்கள் எட்டாம் அத்தியாயத்தில் பூமித் தளபதி நேரலையில் கட்டளையிடுகிறார். அதை எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கிற அதிகாரி தன் புத்தியில்தான் முடிவெடுப்பார், ஜாவாவில் இருந்த தலைமையகமான பத்தேவியாவின் கடிதத்துக்குக் காத்திருந்த ஒல்லாந்தக் கொமாந்தர் போல. பாய்க்கப்பல் காலத்தில் எங்கள் ஆட்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: சோழகம், வாடை, கொண்டல், கச்சான். எந்தக் காற்றில் எந்தக் கரைக்குப் போகலாம் என்று வல்வெட்டித்துறைச் சிறுவனுக்கும் தெரியும். செவ்வாய்ச் சனமும் அந்த 26 மாதத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயரை நீங்கள் கண்டுபிடித்தால் நாவலுக்குப் பாதி உயிர் வந்துவிடும். கிளர்ச்சி தொடங்கும் நாளும் அதிலேயே இருக்கிறது. கப்பல்கள் திரும்பிப் போன மறுநாள்தான் தொடங்கும்.

வெளியாரின் உதவி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1619இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் பிடிபட்ட பிறகு, 1620இல் மிகப்பிள்ளை ஆராச்சி போர்த்துக்கேயருக்கு எதிராகக் கிளம்பியபோது தஞ்சாவூர் நாயக்கரின் படை கடல் கடந்து வந்தது. தோற்றுப்போனார்கள். பிறகு கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு 1638இல் உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு. உங்கள் கிளர்ச்சியாளர் கம்பனியோடு கைகோக்கும் இடத்தில் இதை மனதில் வையுங்கள்.

தடைக்காலத்தை நான் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் நாவலில் அது இரண்டு பக்கத்தில் முடிகிறது. மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும், அப்போது மாமா என் தோளில் தட்டுவார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அதை நனைக்கிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். மோட்டர் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்கொடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஆனால் எனக்கு மறக்காதது வாசர். எங்கள் ஒழுங்கையில் இருந்த அடிபம்பின் தோல் வாசர் தேய்ந்துபோனது. கடையில் இல்லை. பக்கத்து வீட்டு ஐயா பழைய ரயர் ரியூபை எடுத்து, அதன்மேல் தேய்ந்த வாசரை வைத்து, கரித்துண்டால் சுற்றிக் கோடுபோட்டு, சவர அலகால் வெட்டினார். முதலாவது ஒழுகியது. இரண்டாவது இறுகி நின்றது. மூன்றாவதை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார், தண்ணீர் வந்தது. அன்றைக்கு அந்தப் பம்படியில் பதினேழு வீட்டுக் குடம் நின்றது. செவ்வாயில் மண் இருக்கும், இரும்பு இருக்கும், காற்றிலிருந்து பிளாஸ்ரிக்கூடச் செய்யலாம். இறப்பர் வளையம், வடிகட்டி மென்சவ்வு, கணினிச் சில்லு இந்த மூன்றையும் செய்ய பெரிய தொழிற்சாலைச் சங்கிலி வேண்டும். முற்றுகை அங்கேதான் கடிக்கும். உங்கள் கிளர்ச்சிப் படையில் துப்பாக்கி சுடுகிறவர்கள் பதினான்கு பேருக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள், வாசர் வெட்டுகிற ஆளுக்குப் பெயர் இல்லை.

குகை விடயம். செவ்வாயின் ஆர்சியா எரிமலைச்சரிவில் நூறு மீற்றருக்கு மேல் அகலமான கிடங்குகள் 2007இல் அறியப்பட்டன. அவை குகை வாயில்களாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் அவை சாதாரண நிலம் அல்ல என்று காட்டிக்கொடுத்தது வெப்பம். சுற்றுப்பாதையிலிருந்த ஒடிசி கலத்தின் வெப்பப் படத்தில் இரவில் சுற்று நிலத்தைவிடச் சூடாகத் தெரிந்தன. ஆளில்லாத குழியே அப்படித் தெரிந்தால், நூறு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, இயந்திரம் ஓட்டுகிற குகை வெளிச்சம்போட்டதுபோல் தெரியும். சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை இருக்கும் கிரகத்தில் உயிரோடு இருப்பதே ஒரு அடையாளம். ஒரு விதிவிலக்கு புழுதிப்புயல். 2018இல் கிரகம் முழுவதையும் மூடிய புயல் ஒப்பர்ச்சூனிற்றி ஊர்தியை நிரந்தரமாக மௌனமாக்கியது. அப்படியான மாதங்களில் மேலிருந்து பார்க்க முடியாது, சூரிய மின்சாரமும் படுத்துவிடும். கிளர்ச்சிப் படை நடமாட அதுதான் பருவம். மற்ற நாட்களில் ஒளிய ஒரே இடம் சனத்துக்குள்.

சனத்துக்குள் ஒளிகிறவர்களைச் சனம் எப்படிக் கூப்பிடும் என்பது சின்ன விடயம் இல்லை. அரசுப் படை ஒரு சொல் வைத்திருக்கும், கிளர்ச்சியாளர் தமக்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் அந்த இரண்டும் புழங்கவில்லை, "பெடியள்" என்றுதான் சொன்னார்கள். அதில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் வேறு வேறு இயக்கங்களுக்குப் போய், பிறகு அந்த இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டதையும் அந்த வீடுகள் பார்த்தன. உங்கள் கிளர்ச்சியாளர் மிகவும் சுத்தமாக இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். என் வகுப்பில் ஒரு வாங்கு காலியானது. அந்த நாள் பற்றி எங்கள் வீட்டில் பெரியவர்கள் பல வருடம் வாய் திறக்கவில்லை. விடுதலைக்காக நிற்கிற ஒரு படையும் யாருடைய பெயரையோ தோம்பிலிருந்து வெட்டும். அதை எழுதாவிட்டால் நாவல் பொய்யாகிவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதுவரை சொன்னவற்றில் அமுக்கம், தூரம், காலம், ஒட்சிசன் எல்லாம் அளந்தறிந்தவை. மனிதர்கள் பற்றியவை என் அனுபவத்தின் தீர்ப்பு. ஒரே ஒரு இடத்தில் உங்கள் கதையின் அத்திவாரமே விஞ்ஞானத்தில் திறந்த கேள்வியாக இருக்கிறது: மூன்றாம் தலைமுறை. செவ்வாயின் ஈர்ப்பு எங்களுடையதில் 38 சதவீதம். அந்த ஈர்ப்பில் ஒரு கரு தங்கி, பிறந்து, எலும்பு முற்றி வளருமா என்று இன்றுவரை எவரும் பரிசோதித்ததில்லை. வளர்ந்தாலும் அந்தப் பிள்ளை பூமிக்கு வந்து நிமிர்ந்து நிற்குமா என்பதும் அப்படியே. இதைக் குறையாக எடுக்காதீர்கள். திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள் என்பதே உங்கள் கிளர்ச்சிக்கான காரணமாக இருக்கலாம். இன்னொன்று, ஃபீனிக்ஸ் இறங்கிய இடத்து மண்ணில் ஏறக்குறைய அரை சதவீதம் பேர்குளோரேற்று என்ற உப்பு இருந்தது. அது தைரொயிட்டைக் கெடுக்கும். மண்ணையும் பனியையும் கழுவாமல் யாரும் பயிர் செய்யவோ குடிக்கவோ முடியாது.

அங்கேதான் உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்துக்கு வந்துபோகிற தண்ணீர்ப் பரிசோதகியைப் பற்றிச் சொல்லவேண்டும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் இருக்கிறது என்ற பிரச்சினை 2014, 2015இல் பெரிதாக எழுந்தபோது, ஓர் அறிக்கை ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. சனம் பவுசர்த் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. நான் மாதிரி எடுக்கப் போன ஒரு வளவில், வயதான அம்மா ஒருவர் வாளியை இறக்கி அள்ளி, தண்ணீரை வெயிலில் சரித்து மினுக்கம் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த தாளை வாங்கவே இல்லை. "தம்பி, அதை விடு. நீ உன்ர வீட்டில எந்தத் தண்ணி குடிக்கிறாய்?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலைத்தான் அந்த ஒழுங்கை நம்பியது, ஆய்வுகூட முத்திரையை இல்லை. உங்கள் நான்கு அணிக்கும் தேவைப்படுகிற ஆள் அந்தப் பெண். அரசு அவளிடம் சுத்தம் என்று எழுதச் சொல்லும், கிளர்ச்சியாளர் நஞ்சு என்று எழுதச் சொல்வார்கள், கம்பனி தாமதப்படுத்தச் சொல்லும், சபை தாளையே ஒளிக்கும். அவள் எந்த எண்ணை எழுதிக் கையெழுத்து வைத்தாள் என்பதைக் காட்டுங்கள். அன்றிரவு வீட்டுக்குப் போய் எந்தக் குழாயைத் திறந்து தன் பிள்ளைக்குக் கொடுத்தாள் என்பதையும் காட்டுங்கள்.